கிணறு வெட்டும்போது வந்த பல்: புலிச்சுறாவா, வேறு ஏதாவதா?

முழங்காவில்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் எங்கள் வளவில் கிணறு வெட்டினோம். மேலே சிவப்பு மண், அதுக்குக் கீழே மஞ்சள் கலந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல், அலவாங்கு போட்டாலும் லேசில் அசையாத சாமான். வெளியே கொட்டின கல்லுக் குவியலை மழை கழுவிவிட்ட பிறகு மகள் இரண்டு துண்டு பொறுக்கி வந்தாள். ஒன்று முக்கோணம், அடிமட்டம் வைத்துப் பார்த்தால் 3 செ.மீ., கிளிச்சொண்டு மாதிரி ஒரு பக்கம் வளைந்திருக்கிறது, ஓரமெல்லாம் அரிவாள் பல் போல வெட்டு. மற்றது விரல் அகலத்தில் தட்டையான துண்டு, மேல்பக்கம் மினுமினுப்பு, கீழ்ப்பக்கம் சீப்பு மாதிரி வரி வரியாக. இரண்டின் படமும் போட்டிருக்கிறேன்.

அம்மம்மா பாம்புப் பல் என்கிறா. பக்கத்து வீட்டுத் தம்பி மெகலடோன், அந்த அழிந்துபோன இராட்சதச் சுறா, என்று அடித்துச் சொல்கிறான். எனக்குப் புலிச்சுறாவோ என்று ஒரு யோசனை. ஒட்டியிருக்கிற கல்லைக் கரைக்க வினாகிரியில் ஊறப் போடலாமா?

கடற்கரையான்:
முதலில் வினாகிரியைத் தள்ளி வையுங்கள் அண்ணை! சுண்ணாம்புக்கல் கரையும்தான், ஆனால் பல்லின் வேர் துவாரம் துவாரமாக இருக்கும், அதையும் சேர்த்து அரித்துவிடும். வேர் போனால் இனம் கண்டுபிடிக்கிற வழியில் பாதி போச்சு. தண்ணீரில் ஊற வைத்து, பழைய பல்துலக்கி, இடுக்குக்கு ஒரு ஈர்க்கு, அது போதும்.

நான் முல்லைத்தீவு, சின்ன வயதில் இருந்தே சுறாத் தாடைகளைப் பார்த்து வளர்ந்தவன். புலிச்சுறாவின் பல் சேவல் கொண்டை மாதிரி, உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று, பின்பக்க ஓரத்தில் ஆழமாக ஒரு வெட்டு விழுந்திருக்கும். உங்கள் படத்தில் அந்த வெட்டைக் காணவில்லை. அரம் மாதிரி ஓரம் இருந்தால் உடனே புலிச்சுறா என்று விடுகிறார்கள், ஆனால் எத்தனையோ சுறாக்களுக்கு அப்படி ஓரம் உண்டு. அந்த அரம் நுனிவரைக்கும் போகிறதா, நடுவிலே நிற்கிறதா என்று ஒரு கண்ணாடி வைத்து வடிவாகப் பாருங்கள்.

முழங்காவில்காரன்:
பார்த்தேன். அடியில் பெரிய பெரிய வெட்டு, நுனிக்கு வர ஒரு 5 மி.மீ. அளவுக்கு வழவழவென்று கத்தி முனை மாதிரி இருக்கிறது. பின்பக்க வெட்டுகள்தான் பெரிசு.

பாலியாற்றங்கரை:
அப்படியென்றால் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை, ஹெமிப்ரிஸ்டிஸ் செர்ரா என்ற அழிந்துபோன சுறாவின் மேல்தாடைப் பல். வெட்டுகள் நுனிக்கு முன்னமே நின்றுவிடுவதுதான் இதற்கு அடையாளம். இதன் சொந்தக்கார இனம் ஒன்று இந்து சமுத்திரத்தில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. மெகலடோன் என்றால் வெட்டுகள் நுணுக்கமாக, ஒரே சீராக நுனிவரை போகும். பல்லின் உட்பக்கத்தில் வேருக்கும் மேல்பகுதிக்கும் நடுவில் ஒரு தனிப் பட்டையும் தெரியும். பெரிய மெகலடோனின் பல் உள்ளங்கையை நிரப்பும்.

கிடைத்த இடமும் ஒத்துப்போகிறது. புத்தளத்தில் இருந்து மன்னார், முழங்காவில், பூநகரி, யாழ்ப்பாணம் என்று போகிற சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்துக் கடலடி, அதாவது 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுக்கும் 53 இலட்சம் ஆண்டுக்கும் இடைப்பட்டது. புத்தளத்துக்கு வடக்கே அருவக்காட்டிலும் அந்தக் காலத்துக் கடல் உயிர்களின் எச்சங்கள் வந்திருக்கின்றன. வவுனியாப் பக்கம் கருங்கல்லுக்குள் பல் கிடைத்தது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன், அந்தப் பாறை சுறாக்கள் தோன்றுவதற்கு எத்தனையோ கோடி ஆண்டுக்கு முந்தியது.

உங்கள் இரண்டாவது துண்டுதான் எனக்கு இன்னும் பிடித்தது. அது திருக்கைப் பல். வௌவால் திருக்கை வகைகளுக்குப் பற்கள் தளவரிசைக் கல் மாதிரி ஒன்றோடொன்று பொருந்தி ஒரு தட்டாக நிற்கும், சிப்பி மட்டியை நொறுக்கத்தான் அந்த அமைப்பு. கீழே சீப்பு மாதிரி என்றீர்களே, அதுதான் வேர்.

அம்மம்மாவிடம் சொல்லுங்கள், ஐரோப்பாவிலும் இவற்றைப் பாம்பின் நாக்கு கல்லானது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 1666 இல் இத்தாலியில் பிடித்த ஒரு பெரிய சுறாவின் தலையை வெட்டிப் பார்த்து, இந்தக் கல்லும் சுறாப் பல்லும் ஒன்றுதான் என்று நிக்கொலாஸ் ஸ்டெனோ என்ற டென்மார்க் அறிஞர் எழுதினார்.

முழங்காவில்காரன்:
இவ்வளவு பெரிய மீனில் ஏன் எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை என்று மகள் கேட்கிறாள்.

கடற்கரையான்:
வீட்டில் சுறா வறை சாப்பிட்டிருப்பாதானே, அதில் முள்ளு இருந்ததா என்று கேளுங்கள். உடம்பு முழுக்கக் குருத்தெலும்புதான், அது பெரும்பாலும் உக்கிப் போய்விடும். பல் அப்படியில்லை. ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் பல் உதிர்த்துப் புதிசு முளைக்க வைக்கும், கடலடியில் விழுந்ததெல்லாம் கல்லோடு கல்லாகச் சேரும்.

குவியலை மட்டும் சல்லடை போட்டுப் பாருங்கள், அரிசி அளவுப் பற்களும் வரும். வேறு இடத்தில் கிண்டப் போகிறீர்கள் என்றால், கண்ணிவெடி அகற்றி முடிந்த நிலம்தானா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். பிள்ளையைத் தனியே விட வேண்டாம்.

முழங்காவில்காரன்:
சரி அண்ணை. எங்கள் வளவு எப்பவோ பார்த்து முடித்த நிலம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனிப் பையில் போட்டு, எத்தனை அடியில் வந்தது என்று கிணறு வெட்டின ஆளிடம் கேட்டு எழுதி வைக்கிறேன். சல்லடையை மகள் இப்பவே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.