‘கேம்ஸ் பிஹைண்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

விளையாட்டுக் கலைச்சொல் பட்டியலில் பேஸ்பால் பகுதி ஒரே ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. (பேஸ்பால் என்றே எழுதுகிறேன். அடிபந்தாட்டம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது, ஆனால் அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.) பந்து வீசுபவர், பிடிப்பவர், ஹோம் ரன் என்று களத்தில் கண்ணால் பார்க்கிற எல்லாவற்றுக்கும் ஆளுக்கு நாலு சொல் கொடுத்துவிட்டீர்கள். நான் கேட்பது களத்தில் இல்லாத ஒன்று. அணிகளின் வரிசைப் பட்டியலில் வெற்றி, தோல்வி, விழுக்காடு என்று வந்து அடுத்த கட்டத்துக்கு மேலே ‘ஜி.பி.’ என்று போட்டிருக்கும். ‘கேம்ஸ் பிஹைண்ட்’. முதன்முதலில் பார்த்தபோது கிகாபைட்டுக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தவன் நான்.

ஐபிஎல் பார்த்துப் பழகிய நமக்குப் புள்ளிகள் உண்டு, ரன் விகிதம் உண்டு. பேஸ்பாலில் இரண்டும் கிடையாது. வென்றது எத்தனை, தோற்றது எத்தனை, அவ்வளவுதான். அமெரிக்காவின் மேஜர் லீகில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம், ஏறக்குறைய தினமும் ஆட்டம். மழை, பயணம், ஓய்வு நாள் என்று ஏதாவது குறுக்கே வரும். ஒரு காலையில் பத்திரிகையைப் பிரித்தால் ஒரே பிரிவில் உள்ள இரண்டு அணிகள் ஒரே எண்ணிக்கையில் ஆடி முடித்திருக்காது. அதனால் வெற்றியை மட்டும் கழித்துப் பார்த்தால் கணக்கு கோணும். வெற்றியில் உள்ள வித்தியாசம், தோல்வியில் உள்ள வித்தியாசம் இரண்டையும் கூட்டிப் பாதியாக்குகிறார்கள். அதுதான் ஜி.பி.

சொல்லை வெறுங்கையில் உரசிப் பார்க்க முடியாது, ஒரு பருவத்தில் வைத்துப் பார்ப்போம். 1978, மேஜர் லீகின் இரண்டு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் கிழக்குப் பிரிவு. ஏழு அணிகள். முதலிடத்தில் முடிப்பவருக்கு மட்டுமே மேலே போக வழி. முதலிடம் பிடிக்காத நல்ல அணிக்கும் வழிவிடுகிற, இப்போதுள்ள வைல்டு கார்ட் சலுகை அன்று கிடையாது. ஜூலை 19 கணக்குப்படி பாஸ்டன் ரெட் சாக்ஸ் 62 வெற்றி, 28 தோல்வி. நியூயார்க் யாங்கீஸ் 48 வெற்றி, 42 தோல்வி, நாலாம் இடம். வெற்றியில் 14 குறைவு, தோல்வியில் 14 கூடுதல். கூட்டினால் 28, பாதி 14. யாங்கீஸ் 14 கேம்ஸ் பிஹைண்ட்.

இனி நம் குழுவில் வந்த சொற்களை இதில் வைத்துப் பார்க்கிறேன்.

‘பின்னடைவு’: இது ஒரு நிகழ்ச்சி. அடி வாங்கினால் பின்னடைவு. அந்த ஜூலைக் கடைசியில் பயிற்றுநர் பில்லி மார்ட்டின் விலகி பாப் லெமன் வந்ததிலிருந்து யாங்கீஸ் வென்றுகொண்டே இருந்தார்கள், ஆனாலும் பாஸ்டனுக்குப் பின்னால்தான் இருந்தார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கிற அணியின் பெயருக்கு எதிரே தினமும் ‘பின்னடைவு’ என்று எப்படி அச்சடிப்பது?

‘பாக்கி’: காதுக்கு இதமான சொல், கடைக்கணக்கு வாசனை. ஆனால் “நியூயார்க்குக்கு 14 ஆட்டம் பாக்கி” என்று எழுதினால், பருவம் முடிய 14 ஆட்டம்தான் இருக்கிறது என்றுதான் எவரும் படிப்பார்கள். உண்மையில் அன்று அவர்களுக்கு மிச்சம் இருந்தது 72.

‘ஆட்ட இடைவெளி’: ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே எத்தனை நாள் என்று கேட்பதுபோல் இருக்கிறது.

எனக்குப் படுவது என்னவென்றால், இங்கே ‘ஆட்டம்’ எண்ணுகிற பொருளே அல்ல, அளக்கிற கோல். 14 ஆட்டம் என்று எங்கேயும் 14 ஆட்டங்கள் நடக்கவில்லை. நம்மிடம் இது புதிதில்லை. கூப்பிடு தூரம், கல்லெறி தூரம் என்கிறோம். குரலையும் கல்லையும் வைத்து வழியை அளந்தவர்களுக்கு ஆட்டத்தை வைத்து அளக்கத் தெரியாதா? ‘ஆட்டத் தூரம்’ என்று வைக்கலாமா? “யாங்கீஸ் 14 ஆட்டத் தூரத்தில் இருக்கிறது.”

அன்புடன், பேஸ்பால் பகுதியைத் தொகுப்பவன்

----

தம்பிக்கு,

பேஸ்பால் எனக்குத் தெரியாது, சொல் தெரியும். உங்கள் திசை சரி. கூப்பிடு தூரத்தோடு ‘நாழிகை வழி’யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாழிகை காலத்தின் அளவு. ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தொலைவை நாழிகை வழி என்று வழங்கினார்கள். உங்கள் ஆட்டத்துக்கு அதுதான் நெருங்கிய உறவு.

ஆனால் ‘தூரம்’ வடசொல். ‘தொலைவு’ இருக்கும்போது அது எதற்கு? ஆட்டத்தொலைவு என்று வையுங்கள். ‘தொலை’ என்றால் காணாமல் போவதும் ஆயிற்றே, ஆட்டத்தைத் தொலைத்ததுபோல் கேட்குமே என்று எவராவது கிளம்புவார்கள். தொலைபேசியில் எவரும் பேச்சைத் தொலைத்துவிடவில்லை.

ஓர் ஐயம். பத்திரிகைகளில் மூன்றரை, ஒன்றரை என்றெல்லாம் வருகிறதாமே? அரை ஆட்டம் என்றால் என்ன, மழையில் நின்றுபோன ஆட்டமா? படிக்கிறவன் அப்படித்தான் நினைப்பான். அதற்கு உங்கள் சொல் என்ன பதில் சொல்லும்?

----

ஐயா, வணக்கம்.

இந்த அரை ஆட்டக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். என் சொல் நிற்குமா விழுமா என்பது அங்கேதான் தெரியும்.

நீங்கள் முதல், நான் இரண்டாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று உங்களுக்கு ஓய்வு, நான் ஆடி வென்றேன். என் வெற்றி ஒன்று கூடியது, உங்கள் கணக்கு அசையவில்லை. வித்தியாசத்தில் ஒன்று குறைந்து, அதில் பாதி அரை. நான் அரை ஆட்டம் நெருங்கிவிட்டேன். இருவரும் ஆடி, நான் வென்று நீங்கள் தோற்றால் முழுசாக ஓர் ஆட்டம் நெருங்குவேன். நாம் இருவரும் நேருக்கு நேர் மோதினால் இரண்டில் ஒன்று நடந்தே தீரும், அரைக்கு இடமே இல்லை. ஆக, அரை ஆட்டம் என்பது பாதியில் நின்ற ஆட்டம் அல்ல. ஒருவர் நடக்கும்போது மற்றவர் உட்கார்ந்திருந்த நாள். அரைக் காதம் என்றால் எவரும் உடைந்த காதத்தைத் தேடுவதில்லையே. ‘மூன்றரை ஆட்டத் தொலைவு’ என்று தொலைவோடு சேர்த்துச் சொன்னால் அந்தக் குழப்பம் வராது. வெறுமனே ‘மூன்றரை ஆட்டம் பின்னால்’ என்றால்தான் மழையைத் தேடுவார்கள்.

நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 1978 செப்டம்பரைவிட நல்ல பாடம் கிடையாது. செப்டம்பர் 7 அன்று யாங்கீஸ் பாஸ்டனின் ஃபென்வே பார்க்குக்குள் நுழைந்தபோது தொலைவு சரியாக நாலு. நாலு நாள், நாலு ஆட்டம். 15–3, 13–2, 7–0, 7–4. நாலையும் யாங்கீஸ் எடுத்துக்கொண்டார்கள். பாஸ்டன்காரர்கள் இன்றைக்கும் அதைப் ‘படுகொலை’ என்றுதான் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு அணிகளும் 86 வெற்றி, 56 தோல்வி. தொலைவு இல்லை. ஜூலையில் 14 ஆகக் கிடந்தது, தினம் ஒன்றாக உருவி, அவர்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துத் தீர்த்துவிட்டார்கள்.

‘தொலைவு’ சரி. பேச்சில் ‘ஆட்டத் தூரம்’ என்று வந்தால் நான் திருத்த மாட்டேன், பட்டியலில் ‘ஆட்டத்தொலைவு’. கட்டத்தின் தலைப்புக்கு ஆ.தொ.

----

தொகுப்பாளருக்கும் ஐயாவுக்கும் வணக்கம்.

ஆட்டத்தொலைவுக்கு என் வாக்கும் சேரட்டும். ‘பின்’ என்ற முன்னொட்டைப் போடாமல் விட்டதற்கே தனியாக ஒரு பாராட்டு. ஏன் என்று கேட்டால், பருவத் தொடக்கத்தில் இந்தக் கணக்கு ஒரு வேடிக்கை காட்டும். ஓர் அணி இரண்டு ஆட்டம் ஆடி இரண்டையும் வென்றிருக்கிறது. இன்னோர் அணி ஏழு ஆட்டம் ஆடி ஐந்தில் வெற்றி, இரண்டில் தோல்வி. விழுக்காட்டின்படி முதல் அணிதான் மேலே, அதுதான் பட்டியலில் முதலிடம். ஆனால் வாய்பாட்டைப் போடுங்கள்: இரண்டிலிருந்து ஐந்து போனால் கழித்தல் மூன்று, இரண்டு தோல்வியைக் கூட்டினால் கழித்தல் ஒன்று, பாதி கழித்தல் அரை. அதாவது இரண்டாம் இடத்து அணி முதலிடத்து அணிக்கு அரை ஆட்டம் ‘முன்னால்’! ‘பின்னாட்டம்’ என்று எவரோ போன வாரம் எழுதியிருந்தார்கள். அதை வைத்திருந்தால் இந்த இடத்தில் பின்னுக்கு முன் என்று திண்டாடியிருப்போம். தொலைவுக்கு எந்தத் திசையும் ஒன்றுதான்.

கூடவே ஒன்று. அடுத்த வரியில் ‘மேஜிக் நம்பர்’ என்பதற்கு ‘மாய எண்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதை எங்களுக்கே விட்டுவிடுங்கள். 2, 8, 20, 28, 50, 82, 126 – அணுக்கரு இயற்பியலில் மாய எண்கள் இவை. அங்கே உண்மையிலேயே ஏன் இப்படி என்று முதலில் எவருக்கும் புரியவில்லை, மாயம் பொருந்தும். உங்கள் எண்ணில் என்ன மாயம் இருக்கிறது?

----

அக்கா, மாயம் ஒன்றும் இல்லை, எடுத்துவிடுகிறேன். வெறும் கழித்தல் கணக்கு. 162 உடன் ஒன்று கூட்டி 163. அதிலிருந்து முதல் அணியின் வெற்றிகளையும் இரண்டாம் அணியின் தோல்விகளையும் கழித்தால் வருவது அந்த எண். முதல் அணி வென்றாலும் ஒன்று குறையும், துரத்துகிறவர் தோற்றாலும் ஒன்று குறையும். சுழியைத் தொட்டால் முதலிடம் உறுதி. அதனால் ‘உறுதியெண்’ என்று நினைத்தேன். ‘முடிவெண்’ணையும் யோசித்தேன், ஆனால் ஒரு தொடரின் கடைசி எண் என்று பொருள் வந்துவிடுகிறது.

இதையும் அதே பருவத்தில் உரசிப் பார்த்தேன். அந்த நாலு ஆட்டத்துக்குப் பிறகு யாங்கீஸ் முந்திப்போய் மூன்றரை ஆட்டத் தொலைவு வரை விலகினார்கள். எல்லாரும் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் பாஸ்டன் கடைசி 14 ஆட்டங்களில் 12ஐ வென்றது. அக்டோபர் 1, கடைசி நாள் காலை: யாங்கீஸ் 99–62, ரெட் சாக்ஸ் 98–63. தொலைவு ஒன்று. 163இல் 99 போய், 63 போய், உறுதியெண்ணும் ஒன்று. யாங்கீஸ் வென்றாலும் போதும், பாஸ்டன் தோற்றாலும் போதும். யாங்கீஸ் கிளீவ்லாண்டிடம் 9–2 என்று தோற்றது. பாஸ்டனில் லூயிஸ் டியான்ட் டொரன்டோவை ஓர் ஓட்டம்கூட எடுக்கவிடாமல் 5–0 என்று முடித்தார். இருவரும் 99–63. தொலைவு போய்விட்டது, உறுதியெண் மட்டும் ஒன்றிலேயே நிற்கிறது, ஆட ஆட்டம் மிச்சமில்லை!

வாய்பாட்டில் 163 ஏன் என்று பலர் கேட்பார்கள். அந்தக் கூடுதல் ஒன்று அன்று மாலை கண்முன்னால் நின்றது. சமன் என்றால் மறுநாள் இன்னோர் ஆட்டம். யார் ஊரில் என்பதை முன்பே நாணயம் சுண்டி முடிவு செய்திருந்தார்கள், ஃபென்வேக்கு விழுந்திருந்தது. அக்டோபர் 2. ஏழாம் இன்னிங்ஸ் வரை பாஸ்டன் 2–0. யாங்கீஸின் பக்கி டென்ட், பருவம் முழுக்க நாலே ஹோம் ரன் அடித்திருந்தவர், மட்டையடி வரிசையில் கடைசி ஆள். பந்தைத் தன் காலிலேயே அடித்துக்கொண்டு நொண்டினார். அந்த இடைவேளையில் மட்டையில் விரிசல் என்று வேறு மட்டை வந்தது. அடுத்த பந்து இடப்பக்கத்து உயரச் சுவருக்கு மேலே போனது, மூன்று ஓட்டம். பந்து வீசிய மைக் டோரஸ் முந்தைய ஆண்டுதான் யாங்கீஸுக்கு உலகத் தொடர் வென்று கொடுத்தவர்களில் ஒருவர். கடைசியில் யாங்கீஸுக்கு 5–4. ஒன்பதாம் இன்னிங்ஸில் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி அடித்த பந்து வானத்தில் எழும்பி யாங்கீஸின் மூன்றாவது பேஸ் காவலர் கையில் இறங்கியது, ஆட்டம் முடிந்தது. 163 ஆட்டம் ஆடி ஒரே ஆட்டத் தொலைவு. (இந்த 163ஆம் ஆட்டம் 2022 முதல் கிடையாது. சமன் என்றால் இரு அணிகளும் தங்களுக்குள் மோதியதில் யார் அதிகம் வென்றார்கள் என்று பார்த்துவிடுகிறார்கள். சிக்கனம்தான், எனக்குப் பிடிக்கவில்லை.)

ஐயா, ‘உறுதியெண்’ணில் குறை இருந்தால் சொல்லுங்கள்.

----

தம்பி, குறை இல்லை. ‘உறுதி எண்’ என்று பிரித்தும் எழுதலாம். ஆனால் பட்டியலில் முதலிடத்து அணிக்கு எதிரே ஆ.தொ. கட்டத்தில் என்ன போடுவீர்கள்? சுழியா?

----

இல்லை ஐயா. அங்கே ஒரு சிறு கோடு போடுவதுதான் வழக்கம். தன்னிடமிருந்து தனக்கு ஏது தொலைவு. பட்டியலில் ஏற்றிவிட்டேன், எடுத்துக்காட்டோடு:

ஆட்டத்தொலைவு – ஒரே பிரிவில் இரண்டு அணிகளுக்கு நடுவே உள்ள வெற்றி தோல்வி வித்தியாசங்களின் கூட்டுத்தொகையில் பாதி. “1978 அக்டோபர் 1 இரவு, ஆட்டத்தொலைவுக் கட்டத்தில் நியூயார்க்குக்கும் கோடு, பாஸ்டனுக்கும் கோடு.”

அக்கா, ‘வைல்டு கார்ட்’ இன்னும் காலியாகக் கிடக்கிறது. ‘காட்டுச் சீட்டு’ என்று மட்டும் எவரும் எழுதிவிடாதீர்கள்.