‘பெனும்புவான் பாசாரான்’: செறிவா, குவிப்பா, குவிவா?

(மலேசியத் தமிழ்ச் சொல்லாக்கக் குழும மடல்கள். எழுதுவோர் தம் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

பட்டர்வொர்த்:
வணக்கம். சிறுவணிகர்களுக்கான போட்டிச் சட்டக் கையேடு, மலாயிலிருந்து தமிழுக்கு. 8 பக்கம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பெனும்புவான் பாசாரான்’ இடிக்கிறது. ‘சந்தைச் செறிவு’ என்று போட்டால், சந்தையில் ஆள் நெரிசல் என்று படிப்பார்கள். சொல்ல வருவது, விற்பனையில் பெரும்பங்கு இரண்டு மூன்று நிறுவனங்களின் கையில் இருக்கும் நிலை. என்ன போடலாம்?

செந்தூல்:
செறிவு உப்புக் கரைசலுக்குப் போகட்டும். அணியிலக்கணத்தில் அது பத்துக் குணங்களில் ஒன்று. குறளில் ‘செறிவறிந்து’ என்றால் அடக்கம் அறிந்து. ஊர்ச் சந்தையை விழுங்கியவனுக்கு அடக்கமானவன் என்று பட்டமா? ‘குவிப்பு’ என்று போடுங்கள்.

ஆயர் ஈத்தாம்:
செறிவை விடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐயா, குவிதல் தன்வினை, குவித்தல் பிறவினை. ‘குவிப்பு’ என்றதுமே குவித்தவன் ஒருவன் வந்து நிற்கிறான். நம் 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் (சட்டம் 712, நடப்புக்கு வந்தது 2012 ஜனவரி 1) பெரிதாக இருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. 10ஆம் பிரிவு தடுப்பது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதை. சந்தைப் பங்கு 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆதிக்கம் இருக்கலாம் என்பது மலேசியப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டி தரும் அறிகுறி மட்டுமே. நல்ல சரக்கை விற்றே ஒருவர் 60ஐத் தாண்டலாம். எனவே ‘குவிவு’.

அளவீட்டுக்கும் அதுதான் பொருந்தும். ஹெர்ஃபின்டால்–ஹிர்ஷ்மன் குறியீட்டில் ஒவ்வொருவர் பங்கையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டுகிறோம். நான்கு மொத்த வியாபாரிகளுக்குத் தலா 25 விழுக்காடு என்றால் 625 நான்கு முறை, 2500. ஒருவருக்கு 70, மற்ற மூவருக்குத் தலா 10 என்றால் 4900உம் 300உம், ஆக 5200. ‘முதல் நால்வரின் பங்கு’ என்று பார்த்தால் இரண்டிலும் 100தான், வேறுபாடே தெரியாது. அமெரிக்காவின் 2023 வழிகாட்டியில் 1800ஐத் தாண்டினாலே மிகு குவிவு. இந்த எண் யார் குவித்தார் என்று கேட்பதில்லை. எவ்வளவு குவிந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறது.

பிரிக்பீல்ட்ஸ்:
‘குவிவு’ என்றால் பிள்ளைகளுக்குக் குவிவில்லை (கான்வெக்ஸ் லென்ஸ்) தான் நினைவுக்கு வரும். வேரைப் பார்ப்போம்: குவி, குவை, குவால், குப்பை. பழந்தமிழில் குப்பை என்பது மதிப்பான குவியல். உப்பும் நெல்லும் குப்பையாகத்தான் கிடந்தன. ஆகவே ‘சந்தைக் குப்பை’ இலக்கணப்படி குற்றமற்றது! குமி, கும்பம், கும்பல் எல்லாம் இதே குடும்பமா என்று பார்த்தால்…

பட்டர்வொர்த்:
அண்ணே, நாளை மறுநாள் வெள்ளி.

செந்தூல்:
தன்வினை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அரிசி இறக்குமதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 முதல் பெர்னாஸ் என்ற ஒரே நிறுவனத்திடம் இருக்கிறது. அது தானாகவா குவிந்தது? கொடுத்தவர் உண்டு, வாங்கியவர் உண்டு. போட்டியாளரை வாங்கிச் சேர்த்துக்கொள்வதும் அப்படித்தான். சட்டம் 712 எழுதப்பட்டபோது நிறுவன இணைப்பைத் தடுக்கும் பிரிவே அதில் இல்லை. விமானத் துறைக்குத்தான் 2015ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் வைத்தார்கள். வாங்கி வாங்கிச் சேர்ப்பதைக் ‘குவிவு’ என்பது, மழைநீர் தேங்கியதைச் சொல்வது போல் இருக்கிறது.

ஆயர் ஈத்தாம்:
அதற்கு ‘இணைப்பு’, ‘கையகப்படுத்தல்’ என்று சொற்கள் இருக்கின்றன. செயலுக்கு ஒரு சொல், நிலைக்கு ஒரு சொல். ஒன்றிலேயே இரண்டையும் ஏற்றினால் பத்தி முழுவதும் குழம்பும்.

பிரிக்பீல்ட்ஸ்:
போட்டியாளர்கள் தமக்குள் பேசிவைத்துக்கொள்ளும் கார்ட்டெலுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? ‘விலைக்கூட்டு’ அழகாக இருக்கிறதே. கூடிப் பேசினாலும் கூட்டு, விலையைக் கூட்டினாலும் கூட்டு.

ஆயர் ஈத்தாம்:
அந்த அழகுதான் ஆபத்து. கிள்ளான் பள்ளத்தாக்கு ஐஸ் வழக்குக்கு அது பொருந்தும். 2014 ஜனவரி முதல் குழாய் ஐஸ் மூட்டைக்கு 50 சென், கட்டி ஐஸுக்கு 2 வெள்ளி 50 சென் ஏற்றுவதாக ஐஸ் தயாரிப்பாளர்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் 4ஆம் பிரிவில் வட்டாரம் பிரித்துக்கொள்வது, உற்பத்தியைக் குறைப்பது, குத்தகை ஏலத்தில் முன்கூட்டியே ஆள் முடிவு செய்வது எல்லாம் அடங்கும். ‘விலைக்கழிவு 10 விழுக்காட்டுக்கு மேல் யாரும் தரக்கூடாது’ என்று சங்கக் கூட்டத்தில் முடிவெடுத்தாலும் மாட்டிக்கொள்வார்கள். விலைக்கூட்டு என்று படித்த கடைக்காரர், ‘நாங்கள் விலையைக் கூட்டவில்லையே’ என்று நிம்மதியாக இருந்துவிடுவார். தண்டமோ, மீறல் நீடித்த காலத்து உலகளாவிய விற்பனையில் 10 விழுக்காடு வரை போகலாம். கார்ட்டெல் என்றே எழுதிப் பக்கத்தில் ‘போட்டியாளர் கள்ளக்கூட்டு’ என்று விளக்கம் கொடுங்கள்.

செந்தூல்:
கார்ட்டெலை அப்படியே விழுங்குவதற்கு ஒரு குழுமம் எதற்கு?

பட்டர்வொர்த்:
‘நுகர்வோர்’ உலகமெங்கும் இருந்தும் நாம் ‘பயனீட்டாளர்’ என்றே நிலைநிறுத்திவிட்டோம், இதுவும் பழகிவிடும். ‘சந்தைக் குவிவு’ வைக்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘சந்தை சிலர் கையில் குவிந்திருத்தல்’ என்று சேர்க்கிறேன். மூவர் ஆதரவு, ஒருவர் மறுப்பு.

செந்தூல்:
மூவர் என்பது அவர்கள் இருவரும் நீங்களும்தானே. குவிப்புதான் சரி என்று பதிவு செய்துகொள்ளுங்கள்.

பட்டர்வொர்த்:
செய்தாயிற்று ஐயா. 10ஆம் பிரிவில் ‘ஆதிக்க நிலை’ என்று போட்டிருக்கிறேன். ‘மேலாண்மை’யை நிர்வாகத்தார் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆதிக்கம் வடசொல் என்று யாரும் மடல் போடுவதற்குள் கோப்பை அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

செந்தூல்:
ஓங்குநிலை.