லாவா மேல் இருப்பது கல்பாசியா?

செந்தாந்த்ரே வாசி
ரியூனியன் தீவில், கிராண்ட் புருலே எரிமலைச் சரிவில், 2007 லாவா ஓட்டத்தைக் குறிக்கும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு அம்மா குந்தி உட்கார்ந்து, லாவா மேல் பூத்திருந்த சாம்பல் நிறப் புசுபுசுப்பைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். “கல்பாசிதானே, கறிக்கு ஆகும்” என்றார். ஆகாது. அது ஸ்டீரியோகாலான் வல்கானி. பத்து வருஷத்தில் எந்த லாவாவையும் மூடிவிடும்.

தம்பூன் மேடு
பெயர் சரி அண்ணே, பிரித்துப் பார்ப்பது எப்படி என்று சொல்லவில்லையே. கல்பாசி இலை மாதிரி விரியும். மேலே சாம்பல், அடியில் கறுப்பு, ஓரத்தில் நுண்மயிர். இது சின்னப் பவளப் புதர், சில செ.மீ. உயரம், மேல்பக்கம் அடிப்பக்கம் என்றே கிடையாது. காய்ந்தால் காலடியில் நொறுங்கும். பத்து மடங்கு லென்ஸில் அடர்நிறக் கொப்புளங்கள் தெரியும், அவற்றுக்குள் நீலப்பச்சைப் பாசி. புது லாவாவில் நைட்ரஜன் அநேகமாக இல்லை. காற்றிலிருந்து அதைப் பிடித்துத் தருவது அந்தக் கொப்புளம்தான். அதனால்தான் பெரணிக்கு முன்னாலேயே இது வந்துவிடுகிறது.

கியூர்பீப் மழை
“எந்த லாவாவையும்” என்பது தப்பு. கிழக்குச் சரிவில் மழை கொட்டுகிறது, அதனால் வேகம். மேலே எரிமலை வாய்ப் பக்கம் குளிர், அங்கே ரொம்ப மெதுவாகத்தான் வரும். அப்புறம், பெயரில் பாசி இருந்தாலும் கல்பாசியும் சரி, இதுவும் சரி, பாசி இல்லை, லைக்கன். உடம்பில் பெரும்பங்கு பூஞ்சை, பாசி உள்ளே குடியிருக்கிறது, அவ்வளவுதான்.

கோயில் வேலை
லாவாவை விடுங்கள். கோபுரச் சுதைமேல் வேறு லைக்கன்கள் வட்டவட்டமாகப் படரும்போது அழுத்தத் தண்ணீர் அடிக்கிறார்களே, அதை முதலில் நிறுத்த வேண்டும். பெயின்ட் உரியும், பூச்சின் நுண்துளை திறக்கும், அடுத்த மழைக்கு இன்னும் ஆழமாக வேர்விடும். (வேர் இல்லை, பூஞ்சை இழை. மேலே உள்ளவர் திட்டுவார்.) ஜாவெல் (ப்ளீச் திரவம்) மேலே வெளுக்குமே தவிர உள்ளே போன இழை பிழைத்துக்கொள்ளும், உப்பும் தங்கும். பென்சல்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினியைப் புட்டியில் எழுதியிருக்கும் அளவுக்குக் கலக்கி, இங்கே மழை குறைந்த மே முதல் நவம்பருக்குள் மழையில்லாத நாளாகப் பார்த்து, முதலில் உள்ளங்கை அளவு இடத்தில் தடவிப் பாருங்கள். நிறம் மாறாவிட்டால் மற்ற இடத்துக்கும் தடவி, இரண்டு மூன்று வாரம் அப்படியே விடுங்கள். செத்தது பழுத்து உதிரும். மிச்சத்தை நைலான் பிரஷ்ஷால் தேய்க்கலாம், கம்பி பிரஷ் கூடவே கூடாது, உடைந்த துணுக்கு துருப்பிடித்துக் கறையாகும். வழிகிற தண்ணீர் மீன் தொட்டிக்கோ ஓடைக்கோ போகக் கூடாது.

செந்தாந்த்ரே வாசி
கோபுரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லையே ஐயா.

கோயில் வேலை
கேட்காமல்தானே எல்லாரும் ஜாவெலோடு அமிலத்தைக் கலக்கிறார்கள். குளோரின் வாயு கிளம்பும், கலக்காதீர்கள்.