தண்ணீர் குறைகிறது, வண்டி சூடேறுகிறது: ஹெட்டை இறக்கித்தான் ஆகணுமா?

மண்டபம்_லோடு:
வணக்கம் அண்ணே. 2008 மாடல் டீசல் பிக்கப், மண்டபத்தில் மீன் ஏற்றி மதுரைக்கு ஓட்டுகிறேன். கொஞ்ச நாளாக ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. ராமநாதபுரம் வரை டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கும், பரமக்குடி நெருங்கும்போது மேலே ஏறுகிறது, வேகத்தைக் குறைத்தால் இறங்கிவிடுகிறது. பின்னால் ஐஸ் உருகி எப்போதும் சொட்டிக்கொண்டே இருப்பதால் எங்கே ஒழுகுகிறது என்றும் பிடிபடவில்லை. இங்கே ஒரு மெக்கானிக் பானெட்டைத் திறந்த உடனே ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு) போச்சு, ஹெட்டை இறக்கணும் என்கிறார். இறக்கிவிடலாமா?

கீழக்கரை_டீசல்:
இப்போதைக்கு ஹெட்டில் கை வைக்க விடாதீங்க தம்பி. கேஸ்கெட் போயிருந்தால் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். காலையில் இன்ஜின் முழுசாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து (சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்) தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. முதலில் கொஞ்சம் காற்று வரும், அதை விடுங்க, நிற்காமல் குமிழி கிளம்பினால்தான் சந்தேகம். அப்புறம் மூடியைப் போட்டு ஓட விடுங்க, இன்ஜின் சூடாவதற்கு முன்பே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கையால் அமுக்க முடியாதபடி இறுகினால் சிலிண்டர் கேஸ் தண்ணீர்ப் பாதைக்குள் போகிறது. ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கிறதா என்று டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) பாருங்க. இது எதுவும் இல்லையென்றால் வெளியேதான் எங்கோ போகிறது. ஆமா, ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுறீங்க?

உச்சிப்புளிக்காரன்:
நின்றுகொண்டிருக்கும்போது சூடேறினால் ஃபேன் பக்கம் பார்க்கலாம், வேகத்தில் மட்டும் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைத்திருக்கணும், இல்லை தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை. நம்ம ஊர் உப்புக் காற்றுக்கு ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் விரல் பட்டாலே உதிரும், அதையும் தொட்டுப் பாருங்க. மூடியை யாரும் கண்டுகொள்வதில்லை. அதில் ரப்பர் காய்ந்துபோனால் அழுத்தம் நிற்காது, அழுத்தம் இல்லையென்றால் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியேறும். விலை ரொம்பக் கம்மி, மாற்றிவிடுங்க. தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடான பிறகு தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடுகிற வால்வு) கழற்றி எறிந்துவிட்டு ஓட்டு என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீங்க.

மண்டபம்_லோடு:
போர் தண்ணீர்தான் அண்ணே, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். குமிழி இல்லை, ஹோஸும் சூடான பிறகுதான் இறுகுகிறது, ஆயில் சுத்தம். ஆனால் நீங்கள் கேட்டதற்கு அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்தேன், வாட்டர் பம்ப்புக்குக் கீழே வெள்ளையாகக் கோடு போட்ட மாதிரி உப்பு பூத்திருக்கிறது. புல்லியைப் பிடித்து ஆட்டினால் லேசாக ஆடுகிறது.

கீழக்கரை_டீசல்:
பிடித்துவிட்டீங்க. பம்ப்பில் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் அது வழியாகத்தான் கசியும். இன்ஜின் சூட்டில் சொட்டு கீழே விழுவதற்குள் காய்ந்துவிடும், உப்பு மட்டும் மிஞ்சும், அதனால்தான் தரையில் எதுவும் தெரியவில்லை. புல்லி ஆடுவது பேரிங் போனதற்கு அடையாளம், இனி நீண்ட தூரம் ஓட்டாதீங்க, பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்து ஃபேனும் நின்றுவிடும். பம்ப், பெல்ட், தெர்மோஸ்டாட் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்க, கூலி ஒரு தடவையோடு போகும். உள்ளே உப்பு படிந்திருக்கும், ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணிய பிறகு, கூலண்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. போர் தண்ணீரை மறந்துவிடுங்க.

உச்சிப்புளிக்காரன்:
நிரப்பும்போது முன்பக்கம் மேடாக இருக்கிற இடத்தில் நிறுத்துங்க, ஹீட்டர் இருந்தால் திறந்துவிட்டு மெதுவாக ஊற்றுங்க, இல்லையென்றால் காற்று உள்ளே தங்கி மறுபடி முள் ஏறும். ஏற்கனவே சூட்டில் ஓடிய இன்ஜின், கொஞ்சம் ஓட்டிய பிறகு அந்தக் குமிழிச் சோதனையை இன்னொரு தடவை பண்ணிப் பார்த்துச் சொல்லுங்க.