மறுமொழி: 'சீ ஐஸ்' - கடற்பனியா, உறைகடலா, கடலேடா?

அன்பர்களுக்கு வணக்கம். கடல்நீரே உறைந்து உண்டாகும் 'சீ ஐஸ்'ஸுக்கு எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்று நம் குழுவில் நடக்கும் பேச்சுக்கு என் மறுமொழி இது.

"மக்கள் பனிப்பாறை என்றே பழகிவிட்டார்கள், இனி எதற்குப் புதுச்சொல்?" என்று ஈப்போ ஐயா கேட்டிருந்தார். பழகியது உண்மைதான் ஐயா. வம்பே அங்கிருந்துதான் தொடங்குகிறது. மலைச்சரிவில் நகரும் பனியாறு, கிரீன்லாந்தை மூடிக் கிடக்கும் பனிவிரிப்பு, அதிலிருந்து உடைந்து மிதக்கும் பனிமலை, கடல்நீரே உறைந்து உண்டாகும் சீ ஐஸ், எல்லாவற்றையும் பனிப்பாறை என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். பினாங்குத் தமிழ்ப்பள்ளிக் கண்காட்சிக்காகக் குழுவில் சுற்றும் பதாகை வரைவைப் பாருங்கள்: "ஆர்க்டிக் பெருங்கடலின் பனிப்பாறைகள் உருகி நமது கர்னி டிரைவ் மூழ்கும்!" மிதக்கிற பனி தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே விலக்கிவிட்டது. அது உருகினால் கடல்மட்டம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். பினாங்கின் கடலோரச் சாலையான கர்னி டிரைவுக்கு வரும் ஆபத்து, நிலத்தின்மேல் இருக்கும் பனி உருகுவதாலும் கடல்நீர் சூடாகி விரிவதாலும் வருவது. கிரீன்லாந்துப் பனி மட்டும் முழுதாக உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் ஏறும்.

அப்படியானால் சீ ஐஸ் போனால் போகட்டுமா? அதுதான் இல்லை. அதன் வேலை வேறு. வெண்பனி மூடிய சீ ஐஸ், மேலே விழும் வெயிலில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அது விலகித் திறந்த கடல் தெரிந்தாலோ, 90 விழுக்காட்டுக்கு மேல் கடலே உறிஞ்சிக்கொள்ளும். சூடான கடல் இன்னும் கொஞ்சம் உருக்கும், உருகிய இடம் இன்னும் சூடேறும். 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய 4 மடங்கு வேகத்தில் வெப்பமாவதற்கு இந்தச் சுழற்சி ஒரு முக்கியக் காரணம். 2012 செப்டம்பரில் அங்கே எஞ்சிய சீ ஐஸ் சுமார் 3.4 மில்லியன் சதுர கிலோமீட்டர். பத்து மலேசியா கொள்ளும் அளவுதான், ஆனால் செயற்கைக்கோள் பதிவுகளில் அதுவே மிகக் குறைவு.

சரி, சொல்லுக்கு வருவோம். 'கடற்பனி' எனக்கு ஒட்டவில்லை. பனி என்றதும் நமக்கு மார்கழிப் பனிதான் நினைவுக்கு வரும். கடற்பனி என்றால் கடல்மேல் படரும் மூடுபனி என்றே படிப்பார்கள். போதாததற்கு, ஆழ்கடலில் துகள் துகளாக இறங்கும் உயிர்க்கழிவுக்கு 'மரைன் ஸ்நோ' என்று பெயர் இருக்கிறது. நாளைக்கு அதற்கும் இதே சொல் தேவைப்படும். சென்னை அண்ணன் தந்த 'உறைகடல்' அழகான சொல், ஆனால் அது கடலின் பெயர். "உறைகடல் மெலிந்தது" என்று எழுதிப் பாருங்கள், இடறுகிறது. 'உப்புப்பனி' பொருளே தப்பு. கடல்நீர் உறையும்போது உப்பு வெளியே தள்ளப்படும். சில கோடைகளைத் தாண்டிய பழைய பனியை உருக்கிக் குடிக்கவே செய்யலாம். வெளியேறிய உப்பால் கனத்த குளிர்நீர் அடியில் இறங்குவது ஆழ்கடல் நீரோட்டத்துக்கு உந்துதல்.

என் வாக்கு பட்டர்வொர்த் டீச்சர் சொன்ன 'கடலேடு'க்குத்தான். பாலின்மேல் படிவது பாலேடு என்றால், கடலின்மேல் படிவது கடலேடு. தடிமன் பெரும்பாலும் சில மீட்டருக்குள், பரப்போ கண்ணுக்கெட்டாதது. ஏடு என்றதுமே அந்த மெல்லிய தன்மை வந்துவிடுகிறது. கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. ஒரு குளிர்காலத்தில் உறைந்தது ஓராண்டு ஏடு, கோடையைத் தாண்டியது மூப்பேடு. அடிப்பக்கத்தில் வளரும் பாசி ஏட்டுப்பாசி. ஆர்க்டிக்கின் உணவுச் சங்கிலியில் அதற்குப் பெரிய பங்கு உண்டு: பாசியை நுண்ணிய மிதவை உயிர்கள் தின்னும், அவற்றை ஆர்க்டிக் காட் மீன், அதை வளையச் சீல், சீலைத் துருவக் கரடி. தென் துருவத்தில் கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரின் குஞ்சுகள் குளிர்காலத்தை ஓட்டுவதும் இந்த ஏட்டின் அடியில்தான். (கிரிலைக் 'கூனி' என்று எழுத வேண்டாம். இங்கே பெலாச்சான் என்னும் இறால் விழுதுக்கு இடிக்கும் கூனி வேறு இனம், பிள்ளைகள் குழம்புவார்கள்.)

நாளேடு, வார ஏடு மாதிரி கடலேடும் மீனவர் பத்திரிகையாகத் தோன்றாதா என்று ஒருவர் கேட்டார். நாளேடும் பாலேடும் இத்தனை காலம் சண்டையில்லாமல்தானே இருக்கின்றன! ஏட்டுச் சுரைக்காய் என்று கேலி செய்தவருக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, நன்றாகச் சிரித்தேன்.

ஓர் இடத்தில் மட்டும் டீச்சரோடு எனக்கு உடன்பாடில்லை. கரையோடு ஒட்டி நகராமல் நிற்கும் 'ஃபாஸ்ட் ஐஸ்'ஸுக்கு 'விரைவேடு' வேண்டாம் டீச்சர். இங்கே ஃபாஸ்ட் என்றால் வேகம் இல்லை, இறுகப் பிடித்தது. 'கரைபற்று ஏடு' எனலாம். எம்பரர் பென்குயின் முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பது பெரும்பாலும் இதன்மேல்தான். 2022இல் அண்டார்க்டிகாவின் பெல்லிங்ஸ்ஹவுசன் கடற்பகுதியில் அது முன்கூட்டியே உடைந்து, அங்கிருந்த 5 கூட்டங்களில் 4 கூட்டங்களின் குஞ்சுகள் நீர்புகாத இறகு முளைக்கும் முன்பே அழிந்திருக்கக்கூடும் என்று செயற்கைக்கோள் படங்கள் காட்டின. பதாகையில் இதற்கு ஒரு படம் போடலாம்.

பதாகை வரைவில் 'எக்ஸ்டென்ட்', 'ஏரியா' இரண்டையும் பரப்பளவு என்றே போட்டிருக்கிறார்கள், பிரிக்க வேண்டும். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, 15 விழுக்காடாவது ஏடு இருக்கும் கட்டத்தை முழுதாகக் கணக்கிட்டுக் கூட்டுவது பரவல் (எக்ஸ்டென்ட்), உண்மையில் ஏடு மூடிய இடம் மட்டும் பரப்பு (ஏரியா). மேலே நான் சொன்ன 3.4 மில்லியன் பரவல்தான்.

பதாகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடலேட்டை மறுப்பவர்கள் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள், மாற்றுச்சொல்லோடு.