புழு, முட்டை படமெடுக்க பாக்கெட் கேமரா, கூடவே ஒரு மல்டி-டூல்: எது வாங்கலாம்?

கோவை டீச்சர்:
வணக்கம். பள்ளியில் இயற்கை மன்றம் நடத்துகிறேன். பிள்ளைகளோடு எருக்கு, கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் வண்ணத்துப்பூச்சி முட்டையும் புழுவும் தேடுவோம். போனில் எடுத்தால் முட்டை வெறும் புள்ளியாகத்தான் விழுகிறது. சோனி ஆர்எக்ஸ்100, ரிக்கோ ஜிஆர், ஒலிம்பஸ் டஃப் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். பையில் போட ஒரு மல்டி-டூலும் (கத்தி, ஸ்க்ரூ டிரைவர் என்று பல கருவிகள் ஒன்றாக மடங்கும் சாதனம்) வேண்டும். லெதர்மேன் வேவ் சரியாக இருக்குமா?

தெருப்படம்:
ரிக்கோ ஜிஆர் 3 வைத்திருக்கிறேன். தெருவில் எடுக்க அருமையான கேமரா, ஒளியைப் படமாக்கும் சென்சார் பெரியது (ஏபிஎஸ்-சி அளவு). ஆனால் உங்கள் வேலைக்கு வேண்டாம். ஜூம் இல்லை, மேக்ரோவில், அதாவது கிட்டத்தில் எடுக்கும் மோடில், 6 செ.மீ. வரைதான் நெருங்கலாம். மழையும் தூசியும் அதற்கு ஆகாது.

எருக்கஞ்செடி:
டீச்சர், நானும் இதே பைத்தியம்தான். முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: பறக்கும் வண்ணத்துப்பூச்சியா, செடியில் ஒட்டியிருக்கும் முட்டையும் புழுவுமா? இரண்டையும் நன்றாகச் செய்கிற பாக்கெட் கேமராவை நான் இன்னும் பார்க்கவில்லை.

முட்டை, புழு என்றால் யோசிக்கவே வேண்டாம், டஃப் டிஜி-6. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். மைக்ராஸ்கோப் மோடில் லென்ஸுக்கு 1 செ.மீ. தூரத்திலும் ஃபோகஸ் ஆகும், ஜூம் செய்தபடியே. எருக்கு இலையின் அடியில் இருக்கும் முட்டையில் மேலிருந்து கீழாக ஓடும் வரிகளைத் திரையில் பார்த்ததும் பிள்ளைகள் போடும் சத்தத்தைக் கேளுங்கள்! ஃபோகஸ் மாற்றி மாற்றி எடுத்த படங்களைக் கேமராவே சேர்த்து, முன்னும் பின்னும் தெளிவாக இருக்கும் ஒரே படமாகவும் தரும். அவ்வளவு கிட்டே போனால் நம் நிழலே விழும், அதனால் கேமராவின் விளக்கொளியை லென்ஸைச் சுற்றிப் பரப்பும் எல்ஜி-1 லைட் கைடு வளையத்தையும் சேர்த்து வாங்குங்கள். கை தவறி விழுந்தாலும் 2.1 மீட்டர் வரை தாங்கும் என்பது கம்பெனி கணக்கு. பிள்ளைகள் கையில் தைரியமாகக் கொடுக்கலாம். குறை என்றால் சென்சார் சின்னது. மாலை வெளிச்சம் குறைந்ததும் படம் சொரசொரவென்று ஆகிவிடும்.

ஆர்எக்ஸ்100 மார்க் 7-இல் 200 மி.மீ. வரை ஜூம் உண்டு, ஆனால் முழுதும் ஜூம் செய்தால் ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். பூவில் உட்கார்ந்த பூச்சியைக் கலைக்காமல் எடுக்க அது நல்லது. முட்டைக்கு உதவாது.

அப்புறம் மல்டி-டூல். வேவ் பிளஸ் சுமார் 240 கிராம், கிட்டத்தட்ட டிஜி-6 எடையே. அந்த கட்டிங் பிளேயருக்கு எருக்கங்காட்டில் வேலையே இல்லை. விக்டோரினாக்ஸ் கிளைம்பர் என்ற மடக்குக் கத்தியை வாங்குங்கள், எடை அதில் மூன்றில் ஒரு பங்குதான். புழுவுக்கு இலை நறுக்கக் கத்தரிக்கோல், கருவேல முள் எடுக்கச் சாமணம், ட்ரைபாட் ஸ்க்ரூ திருகப் பெரிய ஸ்க்ரூ டிரைவர், எல்லாம் இருக்கிறது. கத்தி இருப்பதால் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். விமானத்தில் போனால் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

கோவை டீச்சர்:
நன்றி! பழைய டிஜி-6 கிடைத்தால் வாங்கலாமா?

எருக்கஞ்செடி:
வாங்கலாம். பேட்டரி மூடியின் உள்ளே இருக்கும் ரப்பரில் வெடிப்போ மணலோ இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸ் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படிந்திருந்தால் விட்டுவிடுங்கள். டிஜி-6 தண்ணீருக்குள்ளும் எடுக்கும் கேமராதான். ஆனால் எல்லாம் சரியாக இருந்தாலும், பழையதைத் தண்ணீரில் மட்டும் முக்காதீர்கள்.