பட்ஜெட் கேமிங் பிசி: புதுசா, பழசா? வாங்கியவர்கள் சொல்லுங்கள்

ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு டெஸ்க்டாப் பார்த்து வைத்திருக்கிறேன். புதியதில் ரைசன் 5 5500 பிராசசர், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம், வாரண்டி உண்டு. பழையதில் ஐ7 7700 பிராசசர், ஜிடிஎக்ஸ் 1070 8 ஜிபி கார்டு, 16 ஜிபி ராம்; வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. வேகத்தில் 1070தான் மேல் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். வீட்டில் கேட்டால் “அடுத்தவன் ஓட்டித் தேய்த்ததை எதற்கு வாங்குகிறாய்” என்கிறார்கள். இந்தக் குழப்பத்தைத் தாண்டி வந்தவர்கள் நேரில் பார்த்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

* * *

நீங்கள் சொல்லும் புதிய ஜோடியை அப்படியே வாங்கியவன் என் சித்தப்பா மகன். வாங்கின சூட்டோடு போன் வந்தது: “அண்ணா, கேம் நல்லாத்தான் ஓடுது, ஆனா திடீர் திடீர்னு நின்னு நின்னு போகுது.”

போய் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றினேன். ராம் ஸ்லாட்டில் ஒரே ஒரு குச்சி, பக்கத்து ஸ்லாட் காலி. குச்சியின் ஸ்டிக்கரில் 3200 என்று இருக்கிறது, டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 2400. பயோசில் (மெஷின் தொடங்கும்போதே திறக்கும் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பியை, அதாவது ராமை ஸ்டிக்கரில் சொன்ன வேகத்தில் ஓட வைக்கும் அமைப்பை, யாருமே ஆன் செய்து தரவில்லை. சரி, இதெல்லாம் தீர்க்கக்கூடியது. இன்னொரு 8 ஜிபி போட்டு, எக்ஸ்எம்பியை ஆன் செய்ததும் அந்த நின்று நின்று போவது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

மீதிதான் தீராதது. 6500 எக்ஸ்டி கார்டுக்குப் பிசிஐஇ-யில் (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் வழி) 4 லேன், அதாவது நான்கு தடம் மட்டும்தான். பிசிஐஇ 4.0 வேகம் கிடைக்கிற மெஷினில் அது அவ்வளவாக உறைக்காது. ஆனால் 5500 பிராசசர் 3.0 வரைக்கும்தான் போகும், அதனால் அந்த 4 லேனும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். கார்டின் 4 ஜிபி நிரம்பாதவரை ஒன்றும் தெரியாது. நிரம்பிய பிறகு டெக்ஸ்சர்களை (கேமில் பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) ராமிலிருந்து அந்தக் குறுகிய வழியாக இழுத்து வர வேண்டும். தம்பி சொன்ன ‘நின்னு நின்னு’ அதுதான். டெக்ஸ்சரை மீடியத்துக்கு இறக்கி விளையாடுகிறான். போதாக்குறைக்கு இந்தக் கார்டில் வீடியோ என்கோடரும் (திரையில் ஓடுவதை வீடியோவாகச் சுருக்கும் பகுதி) கிடையாது. ஸ்ட்ரீமிங் செய்யலாம் என்று கனவு கண்டுகொண்டிருந்தான், பாவம்.

தனித்தனியாக இரண்டு பாகமும் மோசமில்லை. இந்த இரண்டையும் ஜோடி சேர்த்து ‘கேமிங் பிசி’ என்று ஸ்டிக்கர் ஒட்டியவரைத்தான் கேட்க வேண்டும்.

* * *

பழசு பக்கம் நான் சொல்கிறேன். ஆர்எக்ஸ் 580 போட்ட ஒரு மெஷினைப் பார்க்கப் போயிருந்தேன். விற்பவர் நல்ல மனிதர்தான், காபியெல்லாம் கொடுத்தார். டெஸ்க்டாப் திரையைக் காட்டி, “பாருங்க, சூப்பரா இருக்கு” என்றார். டெஸ்க்டாப் திரை யாருக்குத்தான் சூப்பராக இருக்காது?

பென்டிரைவில் ஜிபியு-இசட் என்ற, கார்டின் விவரம் காட்டும் மென்பொருளைக் கொண்டுபோயிருந்தேன். திறந்தால் ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சிறு அலகு) எண்ணிக்கை 2048 என்று காட்டியது. முழுமையான 580-க்கு 2304 இருக்க வேண்டும். 2048 உள்ளது 580 என்ற பெயரில் வரும் தனி ரகம். உள்ளே இருப்பது கிட்டத்தட்ட 570. அவரிடம் சொன்னேன், அவருக்கே தெரியவில்லை. அவரும் யாரிடமோ வாங்கியவர்தானே.

அப்புறம் மெஷினை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துக் கார்டின் ஓரங்களைப் பார்த்தேன். மெமரி சிப்புகள் இருக்கும் பகுதியில் எண்ணெய்ப் பிசுக்கு. பார்த்ததும் கெப்பாசிட்டர் ஒழுகுகிறதோ என்று தோன்றும், அப்படியில்லை. தெர்மல் பேட் நெடுநாள் சூட்டில் கிடந்தால் அதிலிருக்கும் சிலிகான் எண்ணெய் கசியும். அதற்காகக் கார்டு செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் நிறைய உழைத்திருக்கிறது. கூலர் ஸ்க்ரூவின் தலை தேய்ந்திருந்தது, யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். திரும்ப ஆன் செய்து அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்தோம். ஒரு ஃபேன் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. 570 விலைக்குத் தருவீர்களா என்று கேட்டேன். மனிதர் யோசித்துவிட்டுத் தந்துவிட்டார்.

* * *

மேலே சொன்ன கார்டு மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்டக் கார்டை இரவு பகலாக ஓட்டுவது) ஓடியதாக இருக்கலாம். 2022 செப்டம்பரில் எத்திரியம் மைனிங் நின்றுபோனதும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தவை இவை. என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது, ஃபேன் மாற்றியதோடு சரி, இன்றுவரை மக்கர் பண்ணவில்லை. விவரமான மைனர்கள் கரண்ட் பில்லுக்குப் பயந்து வோல்ட்டேஜைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள். மெமரிதான் அதிகம் அடிபடும், ஆகவே திரையில் புள்ளி, கோடு தெரிகிறதா என்று பாருங்கள். வாங்கியபோது என் கார்டில் மைனிங் பயோஸ்தான் (மைனிங்குக்காக மாற்றிய, கார்டின் உள் மென்பொருள்) இருந்தது. கார்டின் மேல் விளிம்பிலிருந்த குட்டி சுவிட்சைத் தள்ளியதும் பழைய பயோசுக்கு மாறிவிட்டது. எல்லாக் கார்டிலும் அந்தச் சுவிட்ச் இருக்காது.

* * *

யாரும் அந்த ஐ7 7700 பற்றிப் பேசவில்லையே. விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியல் இன்டெலில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது, 7-ஆம் தலைமுறை 7700 அதில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது.

என் அக்கா பையன் வாங்கிய பழைய மெஷினில் ஏதோ குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் ஓடியது, வேலரன்ட் மட்டும் திறக்க மறுத்தது. விண்டோஸ் 11-ல் அந்த கேமுக்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளும் ஆனில் இருக்க வேண்டும். டிஸ்க்கோ எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தது. அதை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றி, பயோசில் யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை), பிடிடி (இன்டெலின் டிபிஎம்), செக்யூர் பூட் என்று ஒவ்வொன்றாக ஆன் செய்து முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. பையன் பின்னாலேயே நின்று “மாமா, ஆச்சா? ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

1070-க்கும் இதே கதைதான். 1070 சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு வழக்கமான டிரைவர் வெளியீட்டை என்விடியா 580 எண் வரிசையோடு நிறுத்திவிட்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும். ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’, ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ இரண்டுமே ரே ட்ரேசிங் (ஒளி விழுவதைக் கணக்கிட்டு வரையும் முறை) வன்பொருள் உள்ள கார்டைக் கட்டாயமாகக் கேட்கின்றன, 1070-ல் அது இல்லை. சிஎஸ் (கவுன்டர்-ஸ்ட்ரைக்), டோட்டா கேம்கள் மட்டும் போதுமென்றால் 1070 இன்னும் நன்றாகவே உழைக்கும்.

* * *

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, நான் அதில்தான் போனேன். அலுவலகங்களில் கழித்துவிடும் டெஸ்க்டாப், 8-ஆம் தலைமுறை ஐ5, அதில் ஒரு புதிய ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. இந்தக் கார்டு 70 வாட்தான் எடுக்கும், ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் கிடைப்பதால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் கேபிள் வேண்டாம். கடையில் 8 ஜிபி 3050 என்று ஒன்றும் இருக்கும். மெமரியில் மட்டும்தான் வித்தியாசம் என்று நினைக்காதீர்கள்: அதில் ஷேடர் எண்ணிக்கையும் அதிகம், பவர் கேபிளும் கேட்கும்.

வாங்குமுன் பெட்டியை அளந்துகொள்ளுங்கள். ஒல்லியான பெட்டியென்றால் உயரம் குறைந்த கார்டு மட்டும்தான் போகும். பவர் சப்ளையும் பல அலுவலக மெஷின்களில் அந்தக் கம்பெனிக்கே உரிய கனெக்டரோடு வரும். பிறகு பெரிய கார்டு போட ஆசை வந்தால் கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளையை அப்படியே மாட்ட முடியாது, அடாப்டர் தேட வேண்டும். எனக்கு 1080பி போதும், அந்த ஆசை இதுவரை வரவில்லை. கூடவே வந்த ஹார்டு டிஸ்க்கை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற டிஸ்க் சோதனை மென்பொருளில் பார்த்தேன், மஞ்சள் நிறத்தில் ‘காஷன்’ (எச்சரிக்கை) என்று காட்டியது. கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் புது எஸ்எஸ்டி போட்டுக்கொண்டேன்.